ஊர்வாயும் வணிகர் செவியும்

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. கொதிக்கும் உலையை ஒரு மூடியால் அடக்கிவிடலாம். ஊரார் பேச்சை அடக்க எக்காலத்தும் எவராலும் இயன்றதில்லை. ஆதலால் அறிவுடைய வணிகர் அதனை மூட முயலாது, அதற்குச் செவிகொடுக்கப் பழகினர். பழகியவர் தழைத்தனர், பழகாதவர் தம் கடையில் ஈயோட்டினர்.

அந்த ஊர்வாய் இன்று இருப்பிடம் மாறியிருக்கிறது. சந்தையிலும் கோயில் வீதியிலும் கடை வாசலிலும் நிகழ்ந்த பேச்சின் பெரும்பகுதி இப்போது கைபேசிக்குள் நிகழ்கின்றது. முகநூல், வட்ஸ்அப், யூடியூப், டிக்டொக் முதலியவற்றைச் சமூக ஊடகங்கள் என வழங்குகின்றோம். தம் பொருளைப் பற்றி மக்கள் அங்கே என்ன பேசுகின்றனர் என்பதைக் கவனித்து அதற்கேற்ப நடந்துகொள்வது பெரிய நிறுவனங்களில் தனியொரு துறையாகவே வளர்ந்துவிட்டது. அத்துறையிலிருந்து நம் தீவகத்துச் சிறுவணிகர் கொள்ளத்தக்கவை எவை, தள்ளத்தக்கவை எவை என்பதைச் சிறிது ஆராய்வோம்.

கடை வாசற் பேச்சு

தீவகத்தார்க்கு வணிகம் புதியதன்று. வேலணையிலிருந்தும், புங்குடுதீவு, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு முதலிய அயலூர்களிலிருந்தும் சென்ற பலர் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் பலசரக்குக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நடத்திக் குடும்பங்களைக் காப்பாற்றினர். அவ்வாறு சென்றவர்க்குச் சிங்களம் கற்பது இன்றியமையாததாயிற்று. வாங்க வந்தவர் அரிசியில் கல் இருக்கிறது என்கிறாரா, விலை கூடுதல் என்கிறாரா, முன்னர் வாங்கிய பருப்பு நன்றாயிருந்தது என்கிறாரா என்பது விளங்காமல் எவரும் கடை நடத்த முடியாதன்றோ? வாசலில் இருவர் நின்று பேசும்போது, தராசைப் பார்த்தபடியே அப்பேச்சைக் கேட்டுக்கொள்ளும் முதலாளி உள்ளே சென்று மூடையைக் கிளறிப் பார்ப்பார். குறை உண்மையாயின் மூடையை மாற்றுவார். குறை சொன்னவர் மறுபடி வரும்போது புது மூடையைப் பிரித்துக் காட்டுவார்.

கேட்டல், சரிபார்த்தல், திருத்துதல், திருத்தியதை உரியவருக்குக் காட்டுதல் ஆகிய நான்கும் அந்தச் சிறு செயலில் அடங்கியிருந்தன. இன்று சமூக ஊடகக் கண்காணிப்பு என்று பெரும் பெயரிட்டுப் பயிற்றப்படுவதன் சாரமும் இந்த நான்கே.

மாறியிருப்பது பேச்சின் வேகமும் அது சென்று சேரும் தூரமும் ஆகும். நயினாதீவு நாகபூசணி அம்மனையும் நாகவிகாரையையும் தரிசிக்கத் தரைவழியாகச் செல்வோர் வேலணையையும் புங்குடுதீவையும் கடந்தே குறிகட்டுவான் துறையை அடைகின்றனர். வழியில் ஒரு கடையில் தேநீர் அருந்தியவரும், சாட்டிக் கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் தங்கியவரும், படகு புறப்படுமுன்பே தம் அபிப்பிராயத்தை எழுதி முடித்துவிடுகின்றனர். ரொறன்ரோவிலும் பரிஸிலும் இலண்டனிலும் வாழும் நம் ஊரவர் அன்றே அதனைப் படித்து, அடுத்த விடுமுறையில் எங்கே தங்குவது என்பதை அதைக் கொண்டே தீர்மானிக்கின்றனர். கடைக்காரருக்கு மட்டும் அது தெரியாதிருப்பின் நட்டம் யாருக்கு?

உடைந்த கிற்றார்

செவிகொடாமையால் வந்த கேட்டிற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. கனடா நாட்டு இசைக் கலைஞரான டேவ் கரோல் என்பவர் 2008-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் யுனைட்டெட் விமான நிறுவனத்தில் பயணஞ் செய்தார். சிக்காகோ விமான நிலையத்தில் ஊழியர்கள் அவரது கிற்றாரை எறிந்து கையாண்டதில் அது உடைந்தது. அதன் பெறுமதி 3,500 டொலர். ஏறக்குறைய ஒன்பது மாத காலம் அவர் அந்நிறுவனத்தின் ஒவ்வொரு பகுதியையும் அணுகி முறையிட்டார். இழப்பீடு மறுக்கப்பட்டது.

2009-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் அவர் தம் அனுபவத்தை நகைச்சுவைப் பாட்டாக்கி யூடியூபில் வெளியிட்டார். சில நாட்களுக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைக் கண்டு சிரித்தனர். அதன் பின்னரே நிறுவனம் விழித்துக்கொண்டு இழப்பீடு தர முன்வந்தது. அவரோ அதனை ஏற்காது, அறப்பணி ஒன்றிற்குக் கொடுத்துவிடுமாறு கூறினார். நிறுவனமும் இசைக் கல்வி நிலையம் ஒன்றிற்கு 3,000 டொலர் வழங்கியது. ஒன்பது மாதங்களில் எந்த ஒரு நாளிலும் அமைதியாகத் தீர்த்திருக்கக்கூடிய வழக்கு, உலகமெங்கும் வணிகக் கல்லூரிகளில் பாடமாக வைக்கப்படும் அவமானமாக முடிந்தது.

இத்தகைய பாடங்களால் சில நிறுவனங்கள் திருந்தின. டெல் என்னும் கணினி நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் தன் வாடிக்கையாளரின் இணையக் கண்டனங்களால் பெரிதும் அல்லற்பட்டது. அதே நிறுவனம் 2010-ஆம் ஆண்டு டிசம்பரில், தன்னைப் பற்றி இணையத்தில் எழும் பேச்சுக்களை இடையறாது கவனிப்பதற்கென்றே டெக்ஸாஸ் மாநிலத்துத் தலைமையகத்தில் ஒரு நிலையத்தைத் திறந்தது.

தமிழ்நாட்டில் ஒரு நாள்

விரைந்து செவிகொடுத்தும் தடுமாறிய கதை ஒன்று நமக்கு அருகிலேயே உண்டு. உணவுச்சாலைகளிலிருந்து வீடுகளுக்கு உணவு கொண்டுவந்து கொடுக்கும் சொமேட்டோ நிறுவனத்தில் தமிழ்நாட்டவர் ஒருவர் 2021-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் உணவு கேட்டிருந்தார். வந்த பொதியில் ஒரு பண்டம் குறைந்தது. பணத்தைத் திருப்பித் தருமாறு அவர் எழுதிக் கேட்டபோது, உணவுச்சாலையினரோடு பேச மொழி தடையாயிருக்கிறது என்று நிறுவனத்தின் பணியாளர் கூறினார். தமிழ்நாட்டில் தொழில் செய்வோர் தமிழ் அறிந்தவரை அமர்த்த வேண்டாமா என்று இவர் வினவினார். இந்தி தேசிய மொழி ஆகையால் எல்லோரும் அதனைச் சிறிதாவது அறிந்திருத்தல் வேண்டும் என்ற கருத்தில் மறுமொழி வந்தது. இந்திய அரசியலமைப்பு எந்த மொழியையும் தேசிய மொழி என்று கூறவில்லை. இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்றே கூறுகின்றது.

ஒக்டோபர் 18-ஆம் நாள் அவ்வுரையாடலின் படம், இன்று எக்ஸ் எனப் பெயர் மாறியிருக்கும் டுவிட்டரில் வெளியாயிற்று. நிறுவனத்தைப் புறக்கணியுங்கள் என்ற முழக்கம் அங்கே எழுந்தது. மறுநாளே நிறுவனம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்புக் கோரி அறிக்கை விட்டது. தமிழில் இயங்கும் செயலி ஒன்றை உருவாக்கி வருவதாகவும், கோயம்புத்தூரில் தமிழ் உதவி நிலையம் அமைத்து வருவதாகவும் அதிற் கூறியது. ஒரே நாளில், குறை கூறியவர்களின் மொழியிலே, எல்லோரும் காணும் இடத்தில், செய்யப்போவது இன்னதென்று சொன்ன வகையில் அது பாராட்டத்தக்க செயலே.

ஆயின் அதே அறிக்கையிற் பணியாளரை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகவும் கூறியிருந்தது. சில மணி நேரத்துக்குள், நிறுவனத்தின் தலைவர், நீக்கியது தகாது என்று கூறி அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தார். உதவி நிலையங்களில் இருப்போர் இப்போதுதான் உலகைக் கற்கத் தொடங்கியிருக்கும் இளைஞர் என்பது அவர் கூறிய காரணம்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், குறை அந்தப் பணியாளரின் அறியாமையில் மட்டும் இருக்கவில்லை. தமிழ்நாட்டில் விற்கும் நிறுவனம் தமிழில் மறுமொழி கூறப் போதிய ஏற்பாடு செய்யாதிருந்ததே மூலக் குறை. கூட்டத்தின் சினத்தைத் தணிக்கக் கடைநிலை ஊழியர் ஒருவரைப் பலிகொடுப்பது எளிது; அடுத்த மாதம் அதே குறை வேறொருவர் வாயிலாக வெளிப்படும். ஒரு முறைப்பாடு வந்தால், இதனைச் செய்தவர் யார் என்று கேட்பதோடு நில்லாமல், நம்முடைய எந்த ஏற்பாடு இதற்கு இடங்கொடுத்தது என்றும் கேட்டல் வேண்டும்.

உண்மை ஒன்றே போதுமா?

நம் பக்கம் நியாயம் இருக்கும்போது பேசாதிருந்தால் என்ன என்று சிலர் எண்ணலாம். 2015-ஆம் ஆண்டில் இந்தியாவில் மகி நூடில்ஸ் பட்ட பாடு இதற்கு விடை தரும். உத்தரப் பிரதேசத்தில் எடுக்கப்பட்ட மாதிரிகளில் ஈயம் அளவுக்கு மிஞ்சியுள்ளது என்ற செய்தி அவ்வாண்டு மே மாதத்திற் பரவியது. உற்பத்தி செய்த நெஸ்லே நிறுவனம் தன் ஆய்வுக்கூடத்து முடிவுகளை நம்பித் தன் பொருள் தூயது என்றே கூறிவந்தது. பிள்ளைகளுக்கு நாள்தோறும் அதனைச் சமைத்துக் கொடுத்த தாய்மாரின் அச்சமோ இணையத்தில் வேகமாக வளர்ந்தது. ஜூன் 5-ஆம் நாள் நாடு முழுவதும் தடை வந்தது. பல்லாயிரம் தொன் நூடில்ஸ் அழிக்கப்பட்டது. ஓகஸ்ட் 13-ஆம் நாள் பம்பாய் உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. புதிய பரிசோதனைகளிலும் தேறி, நவம்பரில் அப்பொருள் மீண்டும் சந்தைக்கு வந்தது. நீதிமன்றத்தில் வென்றும், ஐந்து மாத வணிகம் போயிற்று. அஞ்சியவர்க்கு வேண்டியது, அஞ்சிய அன்றே அவர்க்கு விளங்கும் மொழியில் ஒரு விளக்கம்.

அம்பாறையில் நிகழ்ந்தது

பெரிய நிறுவனம் பணத்தை இழந்து மீண்டும் எழும். சிறு கடைக்காரர் எழுவதற்கு வழியேது? நம் நாட்டிலே 2018-ஆம் ஆண்டு பெப்ரவரி 26-ஆம் நாள் இரவு அம்பாறையில் நிகழ்ந்ததை நாம் மறத்தலாகாது. முஸ்லிம் ஒருவரின் உணவுச்சாலையிற் சாப்பிட்ட ஒருவர் தம் கறியில் ஏதோ கட்டியாகக் கிடந்ததைக் கண்டு, இது ஆண்களை மலடாக்கும் மாத்திரை எனக் கூச்சலிட்டார். சுற்றிலும் கூட்டம் கூடியது. சிங்களம் நன்கு அறியாத கடைக்காரரை மிரட்டிக் கேட்ட கேள்விக்கு, அவர் கேள்வியின் பொருள் விளங்காது ஆம் என்பதுபோற் கூறிய சொற்கள் ஒளிப்பதிவாயின. அப்பதிவு முகநூல் வழியாகப் பரவியது. உணவுச்சாலை தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தப்பவில்லை.

அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் அப்பொருளைச் சோதித்தபோது அது வெறும் மாக்கட்டி என்பது தெளிவாயிற்று. உண்டவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவ உலகில் இல்லை. ஆயினும் அறிக்கை வருமுன்பே தீ பரவிவிட்டது. அதே வாரத்தில் கண்டி மாவட்டத்துத் திகனைப் பகுதியில் வேறொரு சம்பவத்தையொட்டி முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்செயல் மூண்டது. மார்ச் 6-ஆம் நாள் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டு, மறுநாள் முகநூலும் வட்ஸ்அப்பும் தடைசெய்யப்பட்டன. 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் முகநூல் நிறுவனம் தன் தளம் அவ்வாறு பயன்பட்டமைக்கு மன்னிப்புக் கோரியது.

அக்கடைக்காரர் கைபேசியை எத்துணை விழிப்போடு பார்த்திருந்தாலும் தனியே தப்பியிருக்க முடியாது. இத்தகைய பொய்யைத் தனியொருவர் மறுத்தால் எடுபடாது. அவரை அறிந்த அயலவர், வணிகர் சங்கம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மதத் தலைவர்கள் ஆகியோர் சேர்ந்து, சிங்களத்திலும் தமிழிலும், அந்த இரவே பேசினால்தான் ஓரளவு பயனுண்டு. ஆகவே சிறுவணிகர் இணையத்தைக் கவனிக்கும்போது தம் கடைப் பெயரோடு நில்லாது, அயற்கடைக்காரரைப் பற்றிய பொய்யையும் கண்டவுடன் அவருக்கு அறிவிக்கும் வழக்கத்தைக் கைக்கொள்ளுதல் நன்று. 2024-ஆம் ஆண்டில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியபோது, கருத்துச் சுதந்திரத்துக்கு அது இடையூறாகும் என்ற கண்டனமும் உடன் எழுந்தது. சட்டம் எவ்வாறாயினும், வழக்கு முடியும்வரை கலகக் கூட்டம் காத்திராது. அயலவரின் வாக்கே முதற் காப்பு.

எவ்வாறு செவிமடுப்பது?

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலாவது, எங்கே தேடுவது என்பது. கூகிள் வரைபடத்தில் தம் கடையைத் தாமே பதிந்துகொண்டால், அங்கே எழுதப்படும் ஒவ்வொரு கருத்தையும் கண்டு மறுமொழி எழுதலாம். குறித்த ஒரு பெயர் புதிதாக இணையத்தில் தோன்றுமாயின் மின்னஞ்சலில் அறிவிக்கும் சேவையையும் அந்நிறுவனம் இலவசமாக வழங்குகின்றது. முகநூலிலும் யூடியூபிலும் டிக்டொக்கிலும் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் தேடிப் பார்த்தாலே சிறு கடைக்குப் போதும்.

பெயரைத் தேடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. சாட்டி என்னும் நம் இடப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவோர் ஒருவர்போல் ஒருவர் எழுதுவதில்லை. பலர் எழுதும் வடிவம் ஆங்கிலத்தில் வாயாடி என்று பொருள்படும் சொல்லாகிவிடுகின்றது. ஆகவே தமிழ் எழுத்திலும், சிங்கள எழுத்திலும், ஆங்கில எழுத்தின் பிழையான வடிவங்கள் எல்லாவற்றிலும் தேடுதல் வேண்டும்.

இரண்டாவது, கண்டதைத் தரம் பிரித்தல். ஒரு கொப்பியில் நாள், சொன்னவர், சொன்னது, செய்தது என நான்கு நிரல் வரைந்து, ஒவ்வொன்றையும் வினா, குறை, புகழ், வதந்தி, வசை எனப் பிரித்தெழுதலாம். வினாவுக்கு அன்றே விடையளிக்க வேண்டும். வெறும் வசைக்கு மறுமொழி வேண்டுவதில்லை. குறையைச் சரிபார்க்க வேண்டும். திருவள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடல் என ஓர் அதிகாரம் வகுத்து, மூவர் தனித்தனியே கூறியவை ஒத்திருப்பின் நம்பத்தக்கது என்ற நெறியை அங்கே கூறுகின்றார். அரசர்க்குச் சொன்ன அந்நெறி கடைக்காரர்க்கும் பொருந்தும். ஒருவர் மட்டும் குழம்பில் உப்புக் கூடுதல் என்றால் அது அவரது சுவையாக இருக்கலாம். ஒரே மாதத்தில் மூவர் சொன்னால் சமையற்கட்டுக்குள் சென்று பார்க்கத்தான் வேண்டும். நஞ்சு, நோய், தீ, மத நிந்தனை பற்றிய பேச்சாயின் மூன்றாமவருக்குக் காத்திராது உடனே ஆராய வேண்டும்.

மூன்றாவது, மறுமொழி. வேலணையில் ஒரு விடுதி நடத்துபவருக்கு, குளிக்கும் நீர் உவர்க்கிறது என்று ஒருவர் எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். தீவகத்து நிலத்தடி நீரின் இயல்பை விடுதிக்காரர் மாற்ற முடியாது. ஆனால் குறிப்பிட்ட அளவு நன்னீரை அறைதோறும் வைக்கலாம். வருவோருக்கு முன்கூட்டியே அதனைத் தெரிவிக்கலாம். அவ்வாறு செய்துள்ளோம் என்று அந்தக் குறையின் கீழேயே எழுதலாம். அதைப் படிக்கும் அடுத்த பயணி, உவர்நீரை விட, உண்மையை மறைக்காத மனிதரையே நினைவில் வைத்திருப்பார். ஒடியல் மா கசக்கிறது என்று கனடாவிலிருந்து ஒருவர் எழுதினால், மாவை நீரில் ஊறவிட்டுத் தெளிநீரை வடித்துக் கசப்பைப் போக்கும் முறையைப் பணிவோடு சொல்லிக்கொடுத்து, அடுத்த பொதியில் அதனை அச்சிட்டு ஒட்டிவிடலாம். மாவில் வண்டு என்று எழுதினாலோ, விளக்கம் வேண்டாம். மன்னிப்பும் மாற்றுப் பொதியும் வேண்டும், பொதி கட்டும் இடத்தில் திருத்தமும் வேண்டும்.

இயந்திரத்துக்கு விளங்காத ஏளனம்

பெரிய நிறுவனங்கள் இப்பணிக்குக் கணினி மென்பொருள்களை அமர்த்துகின்றன. அவை இலட்சக்கணக்கான வாசகங்களைப் படித்து, புகழ் இத்தனை, இகழ் இத்தனை எனக் கணக்கிட்டுத் தருகின்றன. திடீரென இகழ் பெருகினால் எச்சரிக்கின்றன. ஆயின் நம்மவர் எழுதும் தமிழ் அவற்றைத் திணறச் செய்யும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி இடையிடையே ஆங்கிலத்தையும் கலப்பது இன்றைய வழக்கு. அவ்வாறு எழுதப்பட்ட யூடியூப் கருத்துரைகளில் 15,000-க்கு மேற்பட்டவற்றைத் திரட்டி, புகழா இகழா என மனிதரைக் கொண்டே குறிக்கச் செய்து, கணினிக்குப் பயிற்றும் தொகுப்பொன்றை ஆய்வாளர்கள் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் பின்னர் இத்துறை முன்னேறியுள்ளதாயினும், "அருமையான உபசரிப்பு! ஒரு தேநீருக்கு ஒரு மணித்தியாலம்" என்று யாழ்ப்பாணத்தார் எழுதுவதைப் புகழாக எண்ணிவிடும் ஆபத்து முற்றாக நீங்கவில்லை. இவ்வகையில், ஊர்ப்பேச்சின் நெளிவுசுளிவு அறிந்த நம் கடைக்காரர் பெரிய நிறுவனத்தினும் ஒருபடி மேலே நிற்கின்றார்.

எல்லை எது?

செவிகொடுத்தல் வேறு, ஒட்டுக்கேட்டல் வேறு. பொது இடத்தில் எல்லோரும் காண எழுதியதைப் படிப்பதில் தவறில்லை. பொய்ப் பெயரில் ஒரு குடும்பத்தின் அல்லது ஊர்ச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் நுழைந்து அங்கே பேசப்படுவதைச் சேகரிப்பது நம்பிக்கைத் துரோகம். குறை எழுதியவரின் தொலைபேசி இலக்கத்தையும் வீட்டையும் தேடிப் பிடித்து மிரட்டுவது அதனினும் இழிவு. தனிநபர் தரவுகளைக் கையாள்வதற்கு வரம்பு விதிக்கும் சட்டம் இலங்கையில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியிருப்பதையும் வணிகர் அறிந்திருத்தல் வேண்டும். கூலி கொடுத்துப் புகழுரை எழுதுவிப்பதும் ஆகாது. நிறைகோலில் விரலை வைத்து அழுத்துவதற்கும் அதற்கும் வேறுபாடில்லை.

இவ்வளவும் வணிகர்க்குச் சொன்னோம். ஊர்வாய் என்பது நாமே ஆதலால், வாசகர்க்கும் ஒரு கடமை உண்டு. உணவில் ஒரு மாக்கட்டியைக் கண்டால், கைபேசியை உயர்த்துமுன் கடைக்காரரை அழைத்துக் காட்டுங்கள். அவர் கேளாதபோது, கண்டதை மட்டும், கண்டவாறே எழுதுங்கள். பிறர் அனுப்பிய பதிவை, பரிசோதனை முடிவு வரும்வரை மற்றொருவருக்கு அனுப்பாதிருங்கள். கடைக்காரர் குறையைத் திருத்திவிட்டார் என்று அறிந்தால், முன்பு எழுதிய அதே இடத்தில் அதனையும் எழுதிவிடுங்கள். எழுதி முடிக்க இரண்டு நிமிடம் செல்லும். அந்தச் சிறு கடையை நம்பியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு அதனால் ஓர் ஆண்டுப் பிழைப்பு மீளக்கூடும்.